கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் தெரிய வேண்டும்: நம்ம கொங்குப் பக்கத்துக்கு எந்த சென்சார் ஒத்துவரும்?

திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் நடுத்தரமான ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் ஒரு டவர் சர்வர். டாலி, ஈஆர்பி எல்லாம் அதில்தான். பேட்டர்ன் போடுகிற கம்ப்யூட்டர் ஒன்று தனியாக. மெர்ச்சண்டைசர்கள் கையில் லேப்டாப். பையர் அனுப்பிய டெக் பேக், காஸ்டிங் ஷீட், அடுத்த சீசன் டிசைன், ஆள் சம்பளக் கணக்கு என்று தொழிலின் உயிர்நாடி முழுக்க இந்த நாலைந்து பெட்டிகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆன்டிவைரஸ் போட்டாயிற்று, ஃபயர்வால் போட்டாயிற்று. அதற்குப் பிறகு முதலாளிகள் கேட்கிற கேள்வி இது: “ஏனுங்க தம்பி, ராத்திரி எவனாச்சும் வந்து பொட்டியவே கழட்டிட்டுப் போனா நமக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்விதான். பெட்டியில் கை வைக்கிறவர் மூன்றில் ஒன்றைச் செய்வார். ராமையோ எஸ்எஸ்டியையோ எடுத்துக்கொண்டு போகலாம். காலையில் கம்ப்யூட்டர் ஓடாது, அல்லது இழுத்து இழுத்து ஓடும், தெரிந்துவிடும். டிஸ்க்கைக் கழற்றி நகல் எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே மாட்டிவிடலாம். அல்லது எதையாவது வைத்துவிட்டுப் போகலாம்: கீபோர்டு ஒயர் முனையில், அடிக்கிற எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் ஒரு கீலாகர்; பூட் பகுதியில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் இடம்) மாற்றிவைத்த மென்பொருள். பின்னால் சொன்ன இரண்டும் மறுநாள் காலையில் ஒன்றும் காட்டாது. 2009-ல் போலந்துப் பாதுகாப்பு ஆய்வாளர் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா இந்த வகைத் தாக்குதலுக்கு ‘ஈவில் மெய்டு’ என்று பெயர் வைத்தார். ஓட்டல் அறையில் விட்டுப்போன லேப்டாப்பில், அறை சுத்தம் செய்ய வருகிற சாக்கில் ஒருவர் வந்து யுஎஸ்பி மூலம் பூட் பகுதியை மாற்றிவிட்டால், சொந்தக்காரர் அடுத்து அடிக்கிற பாஸ்வேர்டு திருடனுக்குப் போய்விடும். டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்திருந்தாலும் (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தாலும்) இது நடக்கும் என்று அவர் செய்தே காட்டினார்.

சென்சார் தேவைப்படுவது இப்படிச் சத்தமில்லாமல் நடக்கிற வேலைகளுக்குத்தான். சந்தையில் வகை வகையாக இருக்கிறது. வெளிச்சம், அதிர்வு, சாய்வு, உடல் வெப்பம், கதவுக் காந்தம், காற்றழுத்தம், கேமரா, ரேடியோ அலை. யூடியூபில் பார்த்தால் எல்லாமே அருமையாக வேலை செய்யும். ஆனால் அந்த வீடியோக்கள் ஏசி போட்ட, சத்தமில்லாத, தூசியில்லாத அறைகளில் எடுத்தவை. நம் ஊரில் அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிறது.

அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: உங்கள் இடத்தில் எது அசையாமல் இருக்கிறதோ, அதை அளக்கிற சென்சாரை வாங்குங்கள். இயல்பாகவே ஆடிக்கொண்டிருக்கிற ஒன்றை அளந்தால் அலாரம் ஓயாது. நாலு தரம் சும்மா அடித்த அலாரத்துக்கு ஐந்தாம் தரம் வாட்ச்மேன் எழுந்திருக்க மாட்டார். புலி வருது கதைதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் என்கிரிப்ஷன் போடாமல் சென்சார் மட்டும் வைப்பதை நான் ஒப்பமாட்டேன். டிஸ்க்கை நகல் எடுத்தவன் போன பிறகு, ‘எடுத்துவிட்டான்’ என்று தகவல் வந்து என்ன பயன்? விண்டோஸ் ப்ரோ இருந்தால் பிட்லாக்கர் அதிலேயே இருக்கிறது. லினக்ஸ் சர்வருக்கு லக்ஸ் (LUKS) இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

பெட்டிக்குள்ளேயே இருக்கும் சுவிட்ச்

காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியது இது. டெல், எச்பி, லெனோவா போன்றவர்கள் ஆபீஸ்களுக்கென்று விற்கிற டெஸ்க்டாப், சர்வர் மாடல்கள் பலவற்றில், பக்க மூடிக்கு உட்புறம் நகத்தளவு சுவிட்ச் ஒன்று இருக்கும். இன்ட்ரூஷன் சுவிட்ச் என்பார்கள். மூடியை மாட்டும்போது அதன் நாக்கு அமுங்கிக்கொள்ளும். மூடி விலகினால் நாக்கு வெளியே வந்துவிடும், மதர்போர்டில் ஒரு குறி விழும். அந்தக் குறியைத் தாங்கிப் பிடிப்பது சிஆர் 2032 என்கிற 3 வோல்ட் காசு பேட்டரி. ஆகவே கரண்ட் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கழற்றினாலும் பதிவாகும். அடுத்த முறை ஆன் செய்யும்போது ‘மூடி திறக்கப்பட்டது’ என்று பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) திரையில் வரும். லெனோவாவின் திங்க்பேட் லேப்டாப்புகளில் சில மாடல்களில் அடிமூடிக்கும் இந்த வசதி உண்டு.

இது விற்றுவந்த பெட்டியிலேயே இருக்கிறது, ஆனால் நான் போய்ப் பார்க்கிற ஆபீஸ்களில் பெரும்பாலும் பயாஸில் அணைத்தே கிடக்கிறது. கிடந்தாலும் பரவாயில்லை, இயக்கிவிடலாம். கெட்டது என்னவென்றால் பயாஸ் பாஸ்வேர்டு போடாமல் இயக்குவது. திறந்தவனே அந்தச் செய்தியை அழித்துவிட்டுப் போகலாம். பாஸ்வேர்டு இல்லாத இன்ட்ரூஷன் சுவிட்ச், சாவியைப் பூட்டிலேயே விட்டுப்போன பீரோ மாதிரி.

உள்ளூரில் அசெம்பிள் செய்த பெட்டியாக இருந்தால் கேபினட்டில் சுவிட்ச் இருக்காது. ஆனால் ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஆசுஸ் போர்டுகள் பலவற்றில் இதற்கான இரண்டு பின் இருக்கும். போர்டின் மேனுவலைப் புரட்டினால் இடம் தெரியும். ஒரு சின்ன மைக்ரோ சுவிட்ச் வாங்கி மூடி ஓரத்தில் ஒட்டி, இரண்டு ஒயர் இழுத்தால் வேலை முடிந்தது.

குறைகளும் உண்டு. எந்த இடத்தில் சுவிட்ச் இருக்கிறது என்று தெரிந்தவன், மெல்லிய தகட்டை உள்ளே விட்டு நாக்கை அமுக்கிப் பிடித்தபடியே மூடியைக் கழற்றிவிடலாம். காசு பேட்டரியை எடுத்தால் குறி அழிந்துவிடும் போர்டுகளும் உண்டு. ஆனால் அப்படி எடுத்தால் கம்ப்யூட்டரின் தேதியும் பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி திடீரென்று மாறியிருப்பதே ஒரு தடயம். பெரிய குறை, தகவல் தாமதமாக வருவது. சனிக்கிழமை ராத்திரி திறந்தது திங்கள்கிழமை காலை ஆன் செய்யும்போதுதான் தெரியும்.

பனியன் கம்பெனிகளில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பஞ்சு. நிட்டிங் மெஷின் பக்கத்தில் இருக்கிற பெட்டிக்குள் ஹீட்சிங்க் தெரியாத அளவுக்குப் பஞ்சு அடைத்துக்கொள்ளும். ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள் அடிக்கடி வந்து திறந்து புளோயர் அடித்துத்தான் ஆகவேண்டும். அவர் திறப்பதும் பதிவாகும், திருடன் திறப்பதும் பதிவாகும். பக்கத்திலேயே ஒரு நோட்டு வைத்து, யார், எப்போது, எதற்குத் திறந்தார் என்று எழுதி, அழிக்கும் பாஸ்வேர்டை ஏஎம்சி ஆளிடம் கொடுக்காமல் ஆபீசில் ஒருவர் கையில் வைத்துக்கொள்வதுதான் வழி.

வெளிச்சம்

என்னைக் கேட்டால் முதல் இடம் இதற்குத்தான். மூடிய பெட்டிக்குள் இருட்டு. சித்திரை வெயிலிலும் அதே இருட்டு, ஆடிக் காற்றிலும் அதே இருட்டு. பக்கத்தில் ஐம்பது தறி ஓடினாலும் அந்த இருட்டு அசையாது. திறக்கிறவன் பகலில் வந்தால் அறை வெளிச்சம் உள்ளே விழும். ராத்திரியில் வந்தால் திருகாணியைப் பார்க்க போன் டார்ச்சை அடித்தாக வேண்டும். வெளிச்சமில்லாமல் ராம் கழற்றுவது கைதேர்ந்தவனுக்கே சிரமம்.

செலவு மிகக் குறைவு. ஈஎஸ்பி 32 என்கிற வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டு போர்டு ஒன்று, ஒளி உணரும் பாகம் ஒன்று, ஒரு லித்தியம் செல். எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாயில் முடியும்; கோயம்புத்தூர் பாலிடெக்னிக் பையன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துகொடுத்துவிடுவான். ஆனால் சரியாகச் செய்யச் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பொதுவாக எல்லோரும் கையில் எடுப்பது, ஒளிக்கேற்ப மின்தடை மாறும் எல்டிஆர். காட்மியம் சல்பைடில் செய்தது. மனிதக் கண்ணுக்குத் தெரிகிற ஒளிக்கு நன்றாக மசியும், அகச்சிவப்புக்கு மசியாது. இரவுக் கேமராவும் அகச்சிவப்பு விளக்கும் கொண்டு வருகிற ஆளை அது விட்டுவிடும். சிலிக்கான் போட்டோ டிரான்சிஸ்டர் இரண்டையும் பார்க்கும். வாங்கும்போது மேலே கறுப்பு வடிகட்டி இல்லாத, தெளிவான வகையாகக் கேட்டு வாங்குங்கள். கறுப்பு வகை அகச்சிவப்பை மட்டுமே பார்க்கும்.

அடுத்தது வைக்கும் இடம். ஃபேன் ஓட்டை வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வரத்தான் செய்யும். மதர்போர்டிலேயே ஒரு எல்இடி மினுக்கிக்கொண்டிருக்கும். சில கேபினட்டில் கல்யாண மண்டபம் மாதிரி கலர் விளக்கு வேறு. கண்ணாடி மூடி உள்ள கேபினட் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. இரும்பு மூடி உள்ள பெட்டியில், ஃபேனுக்கு எதிர்க் கோடியில், மூடியின் உட்புறத்தைப் பார்த்தபடி வைத்து, எல்இடி மேல் கறுப்பு டேப் ஒட்டினால் உள்ளே கும்மிருட்டாகிவிடும். பிறகு எந்த அளவுக்கு மேல் அலாரம் என்று வைப்பது சுலபம். திறந்ததற்கும் மூடியதற்கும் நடுவே உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது.

பேட்டரி விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஈஎஸ்பி 32 சிப் ஆழ்தூக்கத்தில் சுமார் 10 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் கடையில் கிடைக்கிற போர்டில் எரியும் சிவப்பு எல்இடியும் வோல்டேஜ் சீராக்கியும் சேர்ந்து அதைப்போல நூறு மடங்கு குடித்துவிடும். எல்இடியைக் கழற்றிவிட்டு, சும்மா சும்மா எழுந்து பார்க்காமல், வெளிச்சம் பட்டாலோ, கீழே சொல்லும் ‘இருக்கிறேன்’ செய்தியை அனுப்பவோ மட்டும் எழுகிற மாதிரி அமைக்க வேண்டும். காசு பேட்டரியில் இதை ஓட்ட நினைக்காதீர்கள். வைஃபை பேசும் நொடியில் நூறு மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தப் பேட்டரி தாங்காது. 18650 என்கிற லித்தியம் செல் போடுங்கள்.

இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து வைஃபை வெளியே வருவது கஷ்டம். முன்பக்க பிளாஸ்டிக் முகப்புக்குப் பின்னால் ஆன்டெனா வந்தால் சரியாகிவிடும். அதைவிட முக்கியமானது, சென்சார் நேரத்துக்கு நேரம் ‘இருக்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செய்தி நின்றுபோனால் அதுவும் அலாரம்தான். சென்சாரையே பிடுங்கி எறிகிறவனைப் பிடிக்க வேறு வழி கிடையாது. கரண்ட் போனால் ரவுட்டரும் போய்ச் செய்தி நின்றுவிடும் என்பதால் ரவுட்டரை யுபிஎஸ்ஸில் சேர்த்துவிடுங்கள்.

பஞ்சு இங்கும் விடாது. சென்சார் முகத்தில் ஒரு படலம் ஏறினால் கண் மங்கிப்போகும். ஏஎம்சி ஆள் புளோயர் அடிக்கத் திறக்கும்போதே போனுக்கு அலாரம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை.

இது பார்க்காதது ஒன்று உண்டு: பெட்டியைத் திறக்காமல் பின்னால் யுஎஸ்பியில் மாட்டுகிற கீலாகர். அதற்கு, பெட்டியை ஒயர் முனைகள் உட்பட ஒரு பூட்டுப்போட்ட ரேக்குக்குள் வைத்து, வெளிச்ச சென்சாரில் இன்னொன்றை ரேக்குக்குள்ளும் வைப்பதுதான் தீர்வு.

அதிர்வும் சாய்வும்

எம்பியு 6050 போன்ற முடுக்கமானிகள் (அசைவை அளக்கும் சிப்கள்) விலை மலிவு, இணையத்தில் எல்லா இடத்திலும் பரிந்துரைக்கிறார்கள். நம் பக்கத்தில் அதிர்வை அளக்கிற சென்சார் வேண்டவே வேண்டாம் என்பேன். சோமனூரில் தறி, கோவை பீளமேடு, கணபதி பக்கம் ஃபவுண்டரியும் பிரஸ்ஸும், திருச்செங்கோட்டில் ரிக் பட்டறை, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் இடம். தரை எந்நேரமும் நடுங்கிக்கொண்டே இருக்கும். அது போதாதென்று பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் அடிக்கிற காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலையே நட்டிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் ஷட்டரும் ஜன்னலும் சும்மா இருக்குமா?

ஆனால் அதே சிப்பை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். அது பூமியின் ஈர்ப்புத் திசையையும் சொல்லும். நிற்கிற டவர் பெட்டிக்குள் கை விட்டு வேலை செய்ய வேண்டுமானால் அதைப் பக்கவாட்டில் படுக்க வைப்பார்கள். தறி எவ்வளவு அடித்தாலும் பெட்டி 30 டிகிரி சாயாது. சில நொடிகளின் சராசரியை எடுத்து, சாய்வை மட்டும் கவனிக்கச் சொன்னால் அதிர்வெல்லாம் அடிபட்டுப்போகும். பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறவனும் இதில் மாட்டுவான். வெளிச்ச சென்சாருக்குத் துணையாக இதைச் சேர்ப்பது நல்ல காரியம். ரேக்கில் போல்ட் போட்டு நிறுத்திய சர்வருக்கு இது பயன்படாது.

அறையைக் காவல் காப்பவை

பிஐஆர் எனப்படும் உடல் வெப்ப சென்சார், ஆளின் உடம்புக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை நம்பி வேலை செய்கிறது. ஈரோட்டிலும் கரூரிலும் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ராத்திரி ஏசி அணைத்த, தகர ஷீட் போட்ட அறையில் சுவரும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் சென்சாருக்கு ஆள் தெரிவதே குறைந்துவிடும். மற்ற மாதங்களில் அதன் முகத்தின் மேலேயே பல்லி ஓடி அலாரம் அடிக்கும். எப்போதும் ஏசி ஓடுகிற சர்வர் அறைக்குப் பரவாயில்லை, மற்ற இடத்துக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

கதவு விலகினால் தகவல் கொடுக்கும் கதவுக் காந்தம் சாதாரணமானது, ஆனால் நம்பகமானது. தூசி, சூடு, சத்தம் எதுவும் அதைப் பாதிக்காது. வெளியிலிருந்து இன்னொரு காந்தத்தை வைத்து ஏமாற்றலாம் என்பார்கள். அந்த அளவுக்குத் தயாராகி வருகிறவன் குறைவு, அவனையும் உள்ளே இருக்கும் வெளிச்ச சென்சார் பார்த்துக்கொள்ளும். ரேக் கதவுக்கு ஒன்று, அறைக் கதவுக்கு ஒன்று. யோசிக்காமல் வாங்கலாம்.

கேமரா மட்டும்தான் ‘யார்’ என்று சொல்லும். மற்றதெல்லாம் ‘ஏதோ நடந்தது’ என்பதோடு நின்றுவிடும். ஆனால் அசைவு கண்டால் அலாரம் என்று கேமராவில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ராத்திரியில் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும், பூச்சிக்காகச் சிலந்தி லென்ஸின் குறுக்கே வலை கட்டும். அந்த வலையின் ஒற்றை இழை காற்றில் ஆடினாலும் திரையில் வெள்ளைக் கயிறு போலப் பளீரென்று அடிக்கும். போனில் நூற்றுக்கணக்கில் அறிவிப்பு வந்து குவியும். கேமரா பதிவு செய்யட்டும், கூப்பிடுகிற வேலையைக் கதவுக் காந்தமும் வெளிச்சமும் செய்யட்டும். கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியை அதே அறையில் வைக்காதீர்கள். கடை உடைக்கிறவர்கள் போகும்போது டிவிஆரையும் தூக்கிக்கொண்டு போகிற செய்தி நாம் பேப்பரில் படிக்காததல்ல.

வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம்

இவற்றைத் திருட்டுக்காக வாங்காதீர்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே சூடு மாறும் என்பது உண்மைதான், ஆனால் மாற்றம் மெதுவாக வரும். ஏசி அணைந்தாலும், ஃபேன் வேகம் மாறினாலும் அதே மாற்றம்தான். காற்றழுத்த சென்சார் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கோ காற்றோட்டம்தான் உயிர். சர்வர் அறையில் ஏசி நின்றுவிட்டதை ராத்திரியில் சொல்ல ஒரு வெப்ப சென்சார் இருப்பது ரொம்ப நல்லது. அது வேறு கணக்கு.

வெப்பத்தைத் திருட்டுக்காக அளக்கிற கருவிகளும் உலகத்தில் இருக்கின்றன. வங்கிகளின் ரகசியச் சாவிகளை (என்கிரிப்ஷனைத் திறக்கும் எண்களை) வைத்திருக்கும் பாதுகாப்புப் பெட்டகங்கள் அவை. ஐபிஎம்மின் 4758 என்ற அட்டை 1990-களின் கடைசியில் அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் 140-1 தரத்தில் உச்சமான நான்காம் நிலையைப் பெற்றது. அதைச் சுற்றி மெல்லிய மின்கம்பி வலை. ஒரு இழை அறுந்தாலும், வெப்பம் மிகவும் இறங்கினாலும், எக்ஸ்ரே பட்டாலும் உள்ளே இருக்கும் சாவியைத் தானே அழித்துக்கொள்ளும். குளிரை எதற்குக் கவனிக்க வேண்டும் என்றால், உறைய வைத்த மெமரி சிப் கரண்ட் போன பிறகும் தகவலைப் பிடித்து வைத்திருக்கும். 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூசி ஊதும் ஸ்பிரே கேனைத் தலைகீழாகப் பிடித்து அடித்து ராமை மைனஸ் 50 டிகிரிக்குக் கொண்டுபோய், அதிலிருந்து டிஸ்க் என்கிரிப்ஷன் சாவியை எடுத்துக் காட்டினார்கள். ஸ்லீப்பில் போட்டால் சாவி ராமிலேயே இருக்கும். நமக்கு இதில் கிடைக்கும் பாடம் செலவில்லாதது: வீட்டுக்குக் கிளம்பும்போது லேப்டாப்பை ஸ்லீப்பில் போடாமல் ஷட்டவுன் செய்யுங்கள்.

மளிகைக் கடையில் கார்டு தேய்க்கிற மெஷினும் இதே குடும்பம்தான். திறந்தால் உள்ளே இருக்கும் சாவி அழிந்து, மெஷின் முடங்கிப்போகும். சர்வருக்கு அப்படி ஒரு ஏற்பாட்டைச் சொந்தமாகச் செய்ய நினைக்காதீர்கள். எலி ஒன்று ஒயரைக் கடித்த ராத்திரியில் மூன்று வருஷக் கணக்கு அழிந்துபோகும்.

ரேடியோ அலையும் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஜெர்மனியில் ‘போக்கும்’ (Bochum) என்ற நகரத்து ஆய்வாளர்கள் சர்வர் பெட்டிக்குள் ஆன்டெனா வைத்து, அலை எதிரொலிக்கும் விதத்தில் வரும் மாற்றத்தைக் கொண்டு, காற்று ஓட்டை வழியே நுழையும் மெல்லிய ஊசியைக்கூடக் கண்டுபிடித்தார்கள். அபாரமான வேலை. கடைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பயணத்தில் போகிற லேப்டாப்

எக்ஸ்போர்ட்காரர்கள் கண்காட்சிக்கும் பையர் மீட்டிங்குக்கும் வெளிநாடு போகிறார்கள். ஓட்டல் அறையில் லேப்டாப்பை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். இந்த இடத்தில்தான் சென்சாரைவிடக் கைவேலை ஜெயிக்கிறது.

2017-ல் கார்டியன் புராஜெக்ட் என்ற குழுவும், எட்வர்ட் ஸ்னோடன் தலைவராக இருந்த ஃப்ரீடம் ஆஃப் தி பிரஸ் ஃபவுண்டேஷனும் சேர்ந்து ஹேவன் என்ற ஆண்ட்ராய்டு செயலியை வெளியிட்டார்கள். பழைய போன் ஒன்றை லேப்டாப் மேல் வைத்துவிட்டுப் போனால், அதன் கேமரா, மைக், வெளிச்ச சென்சார், அசைவு சென்சார் எல்லாம் சேர்ந்து காவல் இருக்கும். யோசனை அருமை. ஆனால் ஓட்டல் அறைக்கு நிஜமாகவே சுத்தம் செய்ய ஆள் வருவார். அவரைப் படமும் குரலும் எடுப்பது சில நாடுகளில் சட்டப்படி வம்பு. போன் சார்ஜ், ஓட்டல் வைஃபை என்று நம்ப வேண்டியவை வேறு கூடிக்கொண்டே போகும்.

நான் மெர்ச்சண்டைசர்களிடம் சொல்வது இரண்டு. ஒன்று, லேப்டாப் அடிமூடியின் திருகாணித் தலைகளில் மினுமினுப்புத் துகள் கலந்த நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. 2013-ல் ஹாம்பர்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் எரிக் மிஷோ, ரயன் லேக்கி இருவரும் விளக்கிய முறை இது. துகள்கள் விழும் கோலம் ஒரு தரம் விழுந்தபடி மறு தரம் விழாது. கிளம்பும் முன் கிட்டத்தில் படம் எடுத்து வைத்து, திரும்பி வந்து ஒப்பிட்டால் போதும். கடையில் கிடைக்கும் ‘வாரண்டி வாய்ட்’ ஸ்டிக்கரை ஹேர் டிரையர் சூட்டில் கிழியாமல் எடுத்துவிடலாம். இதை அப்படி எடுத்து ஒட்ட முடியாது.

இன்னொன்று, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டப்பா. அதில் லேப்டாப்பைப் பையில் சுற்றி வைத்து, மேலேயும் சுற்றிலும் இரண்டு நிறப் பயறைக் கலந்து கொட்டி மூடிவிட்டு, நாலு பக்கமும் போட்டோ. நம் வீட்டில் கொள்ளும் தட்டைப்பயறும் எப்போதும் இருக்கும். பயறை அகற்றாமல் லேப்டாப்பைத் தொட முடியாது. அகற்றியவன் அதே வரிசையில் திரும்பக் கொட்டவும் முடியாது. பயணத்தில் பயறைத் தூக்கிக்கொண்டு போவது சிரமம் என்றால், ஊரில் விட்டுவிட்டுப் போகிற பேக்கப் ஹார்டு டிஸ்க்குக்கு இதைச் செய்யுங்கள். கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்.

எதை எடுப்பது?

ஒரே ஒரு டவர் சர்வர், பத்துப் பதினைந்து பேர் உள்ள ஆபீஸ் என்றால்: இன்ட்ரூஷன் சுவிட்சை இயக்கி பயாஸ் பாஸ்வேர்டு போடுங்கள், பெட்டிக்குள் வெளிச்சமும் சாய்வும் பார்க்கிற ஒரு போர்டு வையுங்கள், அறைக் கதவுக்குக் காந்தம். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தனி சர்வர் அறையும் ரேக்கும் உள்ள மில், பம்ப் கம்பெனி, ஐடி ஆபீஸ் என்றால் பூட்டுப்போட்ட ரேக், ரேக் கதவுக் காந்தம், ரேக்குக்குள் வெளிச்சம், வெளியே கேமரா, வேறு அறையில் பதிவு. ஏசி 24 மணி நேரமும் ஓடுவதால் பிஐஆரும் சேர்க்கலாம்.

கணக்கு பார்க்கிற ஒற்றைக் கம்ப்யூட்டர் உள்ள சின்ன யூனிட்டுக்கு சென்சாரே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நெயில் பாலிஷும், ராம், டிஸ்க் சீரியல் நம்பர்களை எழுதிவைத்த ஒரு தாளும் போதும். சர்வீசுக்குப் போய்த் திரும்பும் பெட்டியில் 16 ஜிபி ராம் 8 ஜிபியாகிவிட்டது என்று பலர் வெசனப்படுகிறார்கள்; அதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. கொடுக்கும்போதே கடைக்காரரிடம் அந்த நம்பர்களை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும், அலாரம் அடித்தால் யார் போவது, போய் என்ன செய்வது என்று முன்னாலேயே பேசி வைக்க வேண்டும். வாட்ச்மேன் அண்ணனுக்கு அழைப்பு போக வேண்டும். முதலாளி தூக்கத்தில் இருக்கும்போது அவர் போனில் ஒரு வாட்ஸ்அப் வந்து கிடப்பதில் அர்த்தமில்லை. போகிறவர் பெட்டியைத் தொடாமல், ஆன் செய்யாமல், முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும். பாஸ்வேர்டைப் பழக்கதோஷத்தில் அடித்துவிட்டால், கீலாகர் வைத்தவன் எதற்காக வந்தானோ அதை நாமே கொடுத்ததாகிவிடும். கைரேகை, சிசிடிவி பதிவு எல்லாம் போலீசுக்குத் தேவைப்படும். யாரோ கம்ப்யூட்டருக்குள் புகுந்திருக்கிறார்கள் என்று உறுதியானால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் கம்பெனிக்கு உண்டு. அதே உத்தரவு சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சென்சாரின் பதிவையும் அந்த லாக்குகளோடு, வேறொரு கம்ப்யூட்டரில் சேர்த்து வையுங்கள்.